கணினி கேள்வி–பதில்: எட்ட இருந்தே விண்டோஸ் ஏற்றும்போது டிபிஎம் சிப்பை என்ன செய்வது?

கேள்வி: எங்களுடையது பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். அவிநாசி, பெருமாநல்லூர், ஊத்துக்குளி யூனிட்களில் இருக்கும் லேப்டாப்களுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்தே இரவோடு இரவாக விண்டோஸ் 11 ஏற்றினோம். காலையில் பார்த்தால் சிலது 48 இலக்கச் சாவி கேட்டு நிற்கிறது. சிலது, டிபிஎம்மை அழிக்க ஒரு கீயை அழுத்தச் சொல்லி நிற்கிறது. அந்நேரத்துக்கு யூனிட்டில் வாட்ச்மேன்தானுங்க இருப்பார். ஆள் இல்லாமல் முடிக்க வழி உண்டுங்களா? (திருப்பூர் வாசகர்)

பதில்: உண்டு. ஆனால் நீங்கள் பார்த்தது இரண்டு தனித்தனிக் கோளாறு. டிபிஎம் என்பது குறியாக்கச் சாவிகளைப் பத்திரமாக வைத்திருக்கும் சிப்.

சாவி கேட்டதை முதலில் பார்ப்போம். லேப்டாப் கிளம்பும் ஒவ்வொரு முறையும் பயாஸ் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்), விண்டோஸைக் கிளப்பும் பூட் லோடர், நம்பகமான மென்பொருளை மட்டும் கிளம்பவிடும் செக்யூர் பூட்டின் நிலை எல்லாம் டிபிஎம் சிப்பின் பிசிஆர் என்ற பதிவேடுகளில் பதிவாகின்றன. டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் தன் சாவியை அந்தப் பதிவுகளோடு பிணைத்து வைத்திருக்கிறது. செக்யூர் பூட் இருந்தால் வழக்கமாக 7, 11 எண் பதிவேடுகள். இல்லாவிட்டால் 0, 2, 4, 11. உங்கள் ஸ்கிரிப்ட் வழியில் செக்யூர் பூட்டை ஆன் செய்திருந்தாலோ, பயாஸை அப்டேட் செய்திருந்தாலோ பதிவு மாறியிருக்கும். சிப் சாவியைக் கொடுக்க மறுக்கும். அப்போதுதான் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கிறது. விண்டோஸ் 10 மேலேயே 11-ஐ ஏற்றும் அப்கிரேடில் பிட்லாக்கரை விண்டோஸ் செட்டப்பே நிறுத்தி வைத்துக்கொள்ளும். பயாஸில் நீங்கள் கை வைக்கிறீர்கள் என்றால் அதற்கு முன் நிறுத்தி வைப்பது உங்கள் பொறுப்பு.

அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘சஸ்பெண்ட்-பிட்லாக்கர்’ கட்டளையில் ‘ரீபூட் கவுன்ட்’ கொடுக்காவிட்டால் ஒரே ஒரு ரீஸ்டார்ட்தான் கணக்கு. அதன்பின் தானே பூட்டிக்கொள்ளும். பயாஸ் அப்டேட்டுக்கு ஒரு ரீஸ்டார்ட், செக்யூர் பூட்டுக்கு ஒன்று, இன்ஸ்டாலுக்கு இரண்டு மூன்று என்று போகும்போது பாதி வழியில் பூட்டு விழுந்துவிடும். 1 முதல் 15 வரை எண் கொடுக்கலாம். 0 கொடுத்தால் நீங்களாக ‘ரெஸ்யூம்’ சொல்லும்வரை திறந்தே இருக்கும். இந்த வேலைக்கு 0 தான் சரி. ஆனால் ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியில் ‘ரெஸ்யூம்’ இல்லாவிட்டால், பூட்டைப் பூட்டி சாவியை அதன்மேலேயே தொங்கவிட்ட கதைதான். டிஸ்க்கில் தகவல் குறியாக்கத்தோடுதான் இருக்கும். திறக்கும் சாவியும் பக்கத்திலேயே கிடக்கும்.

இரண்டாவது, கீயை அழுத்தச் சொன்னது. உங்கள் ஸ்கிரிப்ட்டில் எங்கோ ‘கிளியர்-டிபிஎம்’ இருக்கிறது. சிப்பை அழிக்கச் சொல்வது நெட்வொர்க் வழியே வந்த திருடனா, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளா என்று பயாஸ் உறுதிசெய்துகொள்ளும் ஏற்பாடு அது. யாரும் அழுத்தாவிட்டால் அழிக்காது. டெல் லேப்டாப்களில் ‘பிபிஐ பைபாஸ் ஃபார் கிளியர்’, எச்பி-யில் ‘டிபிஎம் ஆக்டிவேஷன் பாலிசி’ என்ற பயாஸ் அமைப்புகள் இந்தக் கேள்வியைத் தவிர்க்கும். அந்தந்த நிறுவனத்தின் பயாஸ் கருவியால், பயாஸ் பாஸ்வேர்டு கொடுத்து, இவற்றை மாற்றப் பாருங்கள். மாடலுக்கு ஒரு லேப்டாப்பை மேசைமேல் வைத்துச் சோதித்த பிறகே மற்றவற்றுக்கு அனுப்புங்கள்.

அழிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டால், பெரும்பாலும் வேண்டாம் என்பதே எங்கள் பதில். டிஸ்க்கை முழுக்க அழித்து ஏற்றினாலும் டிபிஎம் 2.0 சிப்பைப் புது விண்டோஸ் தானே தயார்செய்துகொள்ளும். லேப்டாப் கைமாறும்போதோ, ‘கெட்-டிபிஎம்’ கட்டளையில் ‘டிபிஎம் ரெடி’ என்ற வரி ‘ஃபால்ஸ்’ என்று வந்து நிற்கும்போதோ அழித்தால் போதும். பழைய ஸ்கிரிப்ட்டில் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அழிப்பது வம்பை விலைக்கு வாங்குவது. லாகின் செய்யும் விண்டோஸ் ஹலோ பின் நம்பர்களும் அதோடு போய்விடும்.

எதைத் தொடுவதற்கு முன்பும், 48 இலக்கச் சாவி, மைக்ரோசாஃப்டின் கணக்கு நிர்வாக அமைப்புகளான ஆக்டிவ் டைரக்டரியிலோ என்ட்ரா ஐடியிலோ ஏறிவிட்டதா என்று லேப்டாப் லேப்டாப்பாகச் சரிபாருங்கள். இன்னொன்று: இரவில் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போகும் பழக்கம் உள்ள யூனிட்டாக இருந்தால், அன்று இறக்க வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிடுங்கள். சார்ஜரில் கரன்ட் வராவிட்டால் பெரும்பாலான லேப்டாப்கள் பயாஸ் அப்டேட்டை ஏற்காது.

கேள்வி: நெட்வொர்க் பூட் செய்து விண்டோஸ் பிஇ-க்குள் (விண்டோஸை ஏற்றப் பயன்படும் சிறு விண்டோஸ்) நுழைந்தால் பிட்லாக்கரை இயக்கும் ‘மேனேஜ்-பிடிஇ’ கட்டளையே இல்லை என்கிறது. வேறு சில லேப்டாப்களில் கட்டளை ஓடுகிறது, ஆனால் சிப் தெரியவில்லை. (சரவணம்பட்டி வாசகர், கோவை)

பதில்: பூட் இமேஜில் ‘செக்யூர் ஸ்டார்ட்அப்’ என்ற துணைத்தொகுப்பு இல்லை. அது ‘டபிள்யூஎம்ஐ’ தொகுப்பை நம்பியிருப்பதால் முதலில் அதையும், பிறகு இதையும், இமேஜைத் திருத்தும் டிஸ்ம் கருவியால் சேருங்கள். பூட் இமேஜ் எந்தப் பதிப்போ, தொகுப்புகளும் அதே பதிப்பாக இருக்க வேண்டும்.

சிப் தெரியாத லேப்டாப்கள் பழைய பயாஸ் முறையான லெகசி முறையில் பூட் ஆகின்றனவா என்று பாருங்கள். டிபிஎம் 2.0 ஒழுங்காக வேலை செய்ய அதற்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ முறை வேண்டும். டிஸ்க்கை அழித்து ஏற்றுவதாக இருந்தால் பயாஸை யூஇஎஃப்ஐ-க்கு மாற்றி, டிஸ்க்கை அதற்கேற்ற ஜிபிடி முறையில் பிரித்தால் போதும். உள்ளே இருப்பது வேண்டும் என்றால், பழைய எம்பிஆர் பிரிப்பை ஜிபிடி ஆக்கும் ‘எம்பிஆர்டுஜிபிடி’ கருவி இருக்கிறது. விண்டோஸ் 10-ன் 1703 பதிப்பிலிருந்து கிடைக்கிறது. மாற்றியபின் பயாஸையும் யூஇஎஃப்ஐ-க்குத் திருப்ப மறந்தால் லேப்டாப் கிளம்பாது.

தொகுப்பைச் சேர்த்த கையோடு இதையும் செய்யுங்கள்: டிரைவை ஃபார்மட் செய்ததும், விண்டோஸ் இமேஜை ஏற்றும் முன்பே, பயன்படுத்திய இடத்தை மட்டும் குறியாக்கும்படி பிட்லாக்கரைத் தொடங்கிவிடுங்கள். காலி டிரைவ் என்பதால் சட்டென்று முடியும். டிபிஎம் பூட்டையும் 48 இலக்கச் சாவியையும் விண்டோஸ் எழுந்தபின் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: சர்வீஸில் மதர்போர்டு மாற்றிக் கொடுத்தார்கள். டிஸ்க் பழையதுதான். சாவி கேட்கிறது. (பெருந்துறை வாசகர்)

பதில்: கேட்கத்தான் செய்யும். சிப் பழைய போர்டோடு போய்விட்டது. 48 இலக்கச் சாவியைக் கொடுத்து உள்ளே போய், பழைய டிபிஎம் ப்ரொடெக்டரை (பழைய சிப்போடு பிணைத்த பிட்லாக்கர் பூட்டு) நீக்கிப் புதிதாகச் சேருங்கள். சாவி இல்லை என்றால் டிஸ்க்கில் இருந்ததை மறந்துவிட வேண்டியதுதான்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் லேப்டாப் பத்து வாங்குகிறோம். டிபிஎம் 1.2 என்று காட்டுகிறது. 2.0 ஆக மாற்றலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: சில அலுவலக மாடல்களுக்கு 1.2-ஐ 2.0 ஆக்கும் ஃபர்ம்வேரைத் தயாரிப்பாளரே கொடுத்திருக்கிறார். மாற்றும் முன் சிப்பை அழித்திருக்க வேண்டும். ஆனால் சிப் தேறினாலும் பிராசஸர் தேற வேண்டுமே? இன்டெல் என்றால் விண்டோஸ் 11-க்கு ஒருசில விதிவிலக்குகள் போக 8-ஆம் தலைமுறையாவது வேண்டும், 1.2 சிப்போடு வரும் லேப்டாப்கள் பெரும்பாலும் அதற்கும் பழையவை. காசு கொடுக்கும் முன் பயாஸுக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். பழைய கம்பெனி வைத்த பாஸ்வேர்டு அப்படியே இருந்தால் சிப் அமைப்பை உங்களால் மாற்ற முடியாது. விற்பவரிடமே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.