பாங்காக் கோயில்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அம்மா, அப்பாவோடு மூன்று நாள் பாங்காக் போகிறோம். இருவருக்கும் முழங்கால் வலி. எந்தக் கோயில்களுக்குப் போகலாம்? (மதுரை வாசகி)

ஒரே நாளில் ஐந்து கோயில் என்று யாராவது பட்டியல் போட்டுக் கொடுத்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். அந்த ஊர் வெயிலில் பெரியவர்களுக்கு நாளுக்கு ஒரு பெரிய கோயில் போதும்.

முதல் நாள், அரண்மனை வளாகத்துக்குள் இருக்கும் வாட் ப்ரா கேவ், அதாவது மரகத புத்தர் கோயில் (வாட் என்றால் கோயில்). காலை 8.30 மணிக்குத் திறக்கும்போதே வாசலில் இருங்கள். நேரம் ஏற ஏறக் கூட்டமும் ஏறும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலை, சுடிதார், முழுக்கால் சட்டை எல்லாம் சரி.

மறுநாள் வாட் போ. சனாம் சாய் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச தூர நடைதான். 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரின் முகத்தைப் படம் எடுத்ததும் பலர் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் பாதங்களுக்கு அருகே போய் நில்லுங்கள். முத்துச்சிப்பியில் இழைத்த 108 மங்கலச் சின்னங்கள் உள்ளங்கால் முழுக்க மின்னும். பின்பக்கம் சுவரோரமாக 108 வெண்கலப் பாத்திரங்கள் வரிசையாக இருக்கும். சில்லறை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே நடப்பது அங்கே வழக்கம். காசு விழும் அந்த ஓசை மண்டபம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். அம்மாவை அதைச் செய்யச் சொல்லுங்கள், மிகவும் பிடிக்கும். தாய் மசாஜுக்குப் பேர்போன பள்ளியும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. அப்பாவின் கால்களுக்கு ஒரு அரைமணி நேரம் அங்கே கொடுக்கலாம்.

மூன்றாம் நாள் வாட் அருண், ஆற்றின் எதிர்க்கரையில். தா தியன் துறையிலிருந்து படகில் சில நிமிடம். அதன் கோபுரப் படிகள் செங்குத்தானவை, பெரியவர்கள் ஏற வேண்டாம். கீழே நின்றாலே போதும்: கோபுரம் முழுக்க உடைந்த பீங்கான் துண்டுகளைப் பூவும் இதழுமாகப் பதித்திருக்கிறார்கள்.

"இன்று கோயில் மூடியிருக்கிறது" என்று சொல்லி ஏமாற்றுவார்களாமே? (கோவை வாசகர்)

உண்மை. முதல் பயணத்தில் எனக்கே நடந்தது. நல்ல உடையில் இருந்த ஒருவர், ஏதோ பூஜை நடக்கிறது, மதியம்தான் திறப்பார்கள் என்று மிகப் பணிவாகச் சொல்லி, குறைந்த காசுக்கு ஒரு டுக்-டுக் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். அது போய் நின்றது ஒரு ரத்தினக் கடை வாசலில். அரை நாள் போனது. கோயில் திறந்தேதான் இருந்தது. வழியில் யார் என்ன சொன்னாலும் நுழைவாயில் வரை நடந்து போய், டிக்கெட் கவுன்ட்டரில் கேளுங்கள்.

மரகத புத்தர் நிஜமாகவே மரகதமா? (சேலம் வாசகர்)

இல்லை, பச்சை நிற ஜேட் கல். உயரம் சுமார் 66 சென்டிமீட்டர்தான். உயரமான பீடத்தில் இருப்பதால் சிறியதாகத் தெரியும். கையடக்கத் தொலைநோக்கி இருந்தால் எடுத்துப் போங்கள். கோடை, மழை, குளிர் என்று பருவத்துக்கு ஓர் உடை. அரசரே வந்து மாற்றுவது மரபு.

வாட் ப்ரா கேவில் ராமாயண ஓவியங்கள் இருக்கின்றனவாமே? (கும்பகோணம் வாசகி)

மரகத புத்தரைவிட அதிக நேரம் நான் நின்றது அந்தத் திருச்சுற்றில்தான். 178 ஓவியங்களில் ராமகியென், அதாவது தாய்லாந்தின் ராமாயணம். ராமன் ப்ரா ராம், ராவணன் தோட்சகன், நம் தசகண்டன்தான். அங்கே சீதை அவனுக்குப் பிறந்த மகள். அனுமன் பிரம்மச்சாரியும் இல்லை. ஓர் ஓவியத்தில் அனுமன் விஸ்வரூபம் எடுத்து, ராமனின் பாசறையையே வாய்க்குள் வைத்துக் காவல் காக்கிறான். யாரிடமிருந்து? மையராப்பிடமிருந்து. நம் பாட்டிமார் சொன்ன மயில்ராவணன் கதையேதான்! வால் கோட்டைக்குப் பதில் வாய், அவ்வளவுதான். அந்தச் சுவர் முன்னால் நிற்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாட் சுதத் எதிரே பெரிய சிவப்பு ஊஞ்சல் கம்பங்கள் நிற்கின்றன. ஊஞ்சல் ஆடும் சடங்கு 1935-இல் நின்றுபோனது. பக்கத்தில் தேவஸ்தான் என்ற பிராமணக் கோயில். அங்கே நடக்கும் சடங்கின் பெயர் திரியம்பவாய். நம் திருவெம்பாவைதான் அப்படி ஆகியிருக்கிறது. ஊஞ்சலைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பாமல், சாலையைக் கடந்து அந்தச் சின்னக் கோயிலுக்கும் போய் வாருங்கள்.

சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன வழி? (மயிலாப்பூர் வாசகி)

"இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீன் சாஸ் வந்துவிடும். "ஜே" என்று சொல்லுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருந்தால் அது ஜே கடை. முட்டை, பால், பூண்டு, வெங்காயம்கூட இருக்காது. இட்லி, தோசைக்கு ஏங்கினால் சீலோம் மாரியம்மன் கோயில் பக்கம் தேடுங்கள்.

பிக்குகளிடம் எப்படி நடந்துகொள்வது? (திருச்சி வாசகி)

பெண்கள் அவர்களைத் தொடக் கூடாது. கையில் நேரடியாக எதையும் கொடுக்கவும் வேண்டாம். சன்னதியில் உட்காரும்போது காலைப் புத்தர் பக்கம் நீட்டாதீர்கள், மடக்கி உட்காருங்கள். நிலைப்படியை மிதிக்காமல் தாண்டிப் போங்கள்.

ஒரு புத்தர் சிலை வாங்கி வரலாமா? (ஈரோடு வாசகர்)

புத்தர் சிலையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அந்நாட்டு நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். தலை மட்டும் உள்ள சிலையை அலங்காரத்துக்கென்று வாங்காதீர்கள். அந்த மக்களின் மனம் புண்படும்.