"சுத்தம் செய்தால் பல் ஆடுமா, டாக்டர்?"

மதுரையில் இருபது வருடங்களுக்கு மேலாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றில் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: "வலி இல்லை, அதனால் அப்படியே விட்டுவிட்டேன்." அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. வாயில் வரும் பெரிய நோய்கள் பலவும் ஆரம்பத்தில் வலிப்பதே இல்லை.

பிரஷ் செய்தால் ஈறில் ரத்தம் வருகிறது. ஸ்கேலிங் செய்யச் சொன்னார்கள். ஆனால் கிளீன் பண்ணிய பிறகுதான் தனக்குப் பல் ஆட ஆரம்பித்தது என்கிறார் என் மாமியார். எனக்குச் சர்க்கரையும் இருக்கிறது. பயமாக இருக்கிறது டாக்டர்.
*வாசகி, திருமங்கலம்*

உங்கள் மாமியார் சொல்வது பொய்யில்லை அம்மா. அவருக்குப் பல் ஆடியது நிஜம். காரணம்தான் வேறு.

ஈறோரம் படியும் அழுக்கைத் தினமும் எடுக்காவிட்டால் அது இறுகிக் காரையாகிவிடும். காரை ஏறிய பிறகு பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் வராது. அதன் சொரசொரப்பில் கிருமி தங்கும், ஈறு வீங்கும், உள்ளே பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இது வருடக்கணக்கில் நடக்கும், வலிக்காது. கடைசியில் கீழ் முன்பற்கள் சிமெண்ட் பூசியதுபோலக் காரையால் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். எலும்பு விட்ட பிடியைக் காரை பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரிகிறது.

சமீபத்தில் ஒரு பெரியவருக்கு எடுத்த காரைத் துண்டைப் பஞ்சில் வைத்துக் காட்டினேன். சுண்டுவிரல் நகமளவு இருக்கும். ஒரு பக்கம் பழுப்பும் கறுப்புமாகக் கரடுமுரடு. திருப்பினால், அவருடைய இரண்டு பற்களின் உட்பக்க வளைவு அச்சு அசலாக அதில் பதிந்திருந்தது. "இத்தனை நாள் இதையா பல்லுன்னு நெனச்சேன்?" என்று கேட்டார்.

நீங்கள் ரத்தம் வரும் கட்டத்திலேயே கேட்டுவிட்டீர்கள். பயப்படாமல் போங்கள். ஸ்கேலிங் முடிந்த பிறகு சில நாள் பல் கூசும், இடைவெளி விழுந்ததுபோல் இருக்கும், தானே சரியாகும். சர்க்கரை இருப்பதால் இன்னும் அவசியம். சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறில் புண் இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வராது. காலை உணவும் மாத்திரையும் முடித்துவிட்டுப் போங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். மூன்று மாதச் சராசரி காட்டும் ரிப்போர்ட் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். ரத்தம் வருகிறதே என்று பிரஷ் செய்வதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

மகளுக்கு ஏழு வயது. கடைசிப் பல்லில் கறுப்பாக ஓட்டை. விழப்போகிற பால் பல்தானே, விட்டுவிடலாமா?
*வாசகர், மேலூர்*

முதலில் அது பால் பல்தானா என்று பாருங்கள் ஐயா. ஆறு வயதையொட்டி, எந்தப் பல்லும் விழாமலேயே, பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் சத்தமில்லாமல் முளைக்கும். அது நிரந்தரப் பல். மேலே இரண்டு, கீழே இரண்டு. அதைப் பால் பல் என்று நினைத்து விட்டுவிட்டு, பத்து வயதில் பிடுங்க வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம் தாங்காது. வாழ்நாள் முழுக்க மெல்ல வேண்டிய பல் அது.

பால் பல்லாகவே இருந்தாலும் கடைவாய்ப் பால் பல் பத்து, பன்னிரண்டு வயது வரை நிற்க வேண்டியது. முன்னதாகப் போனால் பக்கத்துப் பல் சாய்ந்து, புதுப் பல் வர இடமிருக்காது. இந்த வாரமே காட்டுங்கள். இரவு பிரஷ் செய்வதை ஏழு, எட்டு வயது வரை பெற்றவர்களே செய்துவிட வேண்டும். ஃப்ளூரைடு பேஸ்ட் பட்டாணி அளவு போதும்.

கருப்பட்டி போட்ட பருத்திப்பால் பல்லைக் கெடுக்காதுதானே?
*வாசகி, செல்லூர்*

சொத்தை உண்டாக்கும் கிருமிக்குக் கருப்பட்டி, வெல்லம், சீனி எல்லாம் ஒன்றுதான். ஆசைப்பட்டால் ஒரே நேரமாகக் குடித்துவிட்டு வாயைக் கொப்பளியுங்கள். அரை நாள் வைத்து மடக்கு மடக்காகக் குடிப்பதுதான் கெடுதல். ஜிகர்தண்டாவுக்கும் இதேதான்.

ஆட்டோ ஓட்டுகிறேன். பாக்குப் பொட்டலம் போடுவேன். இப்போது காரம் பட்டால் வாய் எரிகிறது, முன்போல வாய் திறக்க முடியவில்லை. வலி இல்லை.
*வாசகர், மாட்டுத்தாவணி*

தம்பி, இந்தப் பக்கத்தில் முதலில் டாக்டரிடம் போக வேண்டியவர் நீங்கள்தான். உங்கள் மூன்று விரல்களைச் சேர்த்து, செங்குத்தாக மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே விட்டுப் பாருங்கள். நுழையாவிட்டால் கன்னத்தின் உட்சதை நாராக இறுக ஆரம்பித்திருக்கலாம். பாக்கினால் வரும் நோய் இது. பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடியது. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். வெற்றிலை மேல் எனக்குக் கோபமில்லை, உள்ளே மடித்து வைப்பதன் மேல்தான்.

இறுகிய சதை முழுதாகப் பழையபடி ஆவது கடினம். இன்றே நிறுத்தினால் மேலும் இறுகாமல் தடுக்க வழி உண்டு. செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம், அரசு ராஜாஜி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. புகையிலையும் சேர்த்துப் போட்டால், விட உதவ 1800 11 2356 என்ற இலவச எண் உண்டு.

உசிலம்பட்டியில் புதிதாகக் கிளினிக் திறந்திருக்கிறேன். கருவிகளின் சுத்தத்தில் எதை விடவே கூடாது?
*இளம் பல் மருத்துவர்*

கொதிநீரை நம்பாதீர்கள். சில கிருமிகளின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ் என்றால் பையில் இட்ட கருவிகளுக்கு 30 நிமிடம். நடுவில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது, முதலிலிருந்து. டிரில் ஹேண்ட்பீஸைத் துடைத்து மட்டும் அடுத்தவருக்கு வைக்காதீர்கள். அதுவும் ஆட்டோகிளேவுக்குள் போக வேண்டியதுதான். ஒவ்வொருவருக்குப் பிறகும் டிரில்லுக்கு வரும் தண்ணீர்க் குழாயை 20, 30 விநாடி திறந்துவிடுங்கள். கருவிப் பையை நோயாளி உட்கார்ந்த பிறகு அவர் கண்முன் பிரியுங்கள். வாசகர்களும் இதைக் கூச்சப்படாமல் கேட்கலாம். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகுமா?
*வாசகர், வாடிப்பட்டி*

போகாது. கண் நரம்பு வேறு, பல் நரம்பு வேறு.

பையன் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் வேரோடு வந்துவிட்டது. தூக்கிப் போட்டுவிட்டோம். வேறு ஏதாவது செய்திருக்கலாமா?
*வாசகி, அலங்காநல்லூர்*

செய்திருக்கலாம் அம்மா, உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அது உங்கள் தப்பில்லை. பால் பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது. நிரந்தரப் பல்லென்றால் வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் தண்ணீரில் லேசாக அலசினால் போதும், தேய்க்கக் கூடாது. முடிந்தால் அதே குழியில் வைத்து மெல்லக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பக்கத்து டீக்கடையில் ஒரு டம்ளர் ஆறிய பால் வாங்கி அதில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் வந்து சேருங்கள். கைக்குட்டையில் மடித்துக் கொண்டுவந்தால் வேர் காய்ந்துவிடும்.