லீப் செய்த பிறகு மாதவிடாய் தாறுமாறாகிவிட்டது. டிஸ்பிளேசியா திரும்பி வந்துவிட்டதா?

கர்ப்பப்பை வாயில் சிஐஎன் 2 (நடுத்தர அளவு டிஸ்பிளேசியா, அதாவது புற்றுநோய்க்கு முந்தைய செல் மாற்றம்) என்று லீப் (மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் அந்தத் திசுவை வெட்டி எடுப்பது) செய்து 3 வருடம் ஆகிறது, இப்போது நடுமாதத்திலும் ரத்தம் படுகிறது, பீரியட்ஸ் வந்தால் 10 நாளுக்கு நிற்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட இதே பயத்தோடு நானும் இருந்திருக்கிறேன்.

எனக்கு டிஸ்பிளேசியா இருந்தபோது ஒரு சொட்டு ரத்தம்கூட தப்பாகப் படவில்லை. கர்ப்பப்பை வாய் செல்களைத் துடைத்தெடுத்துப் பார்க்கும் வழக்கமான பாப் ஸ்மியரில்தான் தெரிந்தது. கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபியில் வினிகர் நெடியடிக்கும் திரவத்தைத் தடவிவிட்டு டாக்டர் திரையைப் பார்க்கச் சொன்னார். இளஞ்சிவப்பாக இருந்த இடத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு மெல்லத் தெளிந்து வந்தது. அது மனதை விட்டுப் போகவே இல்லை. 2 வருடம் கழித்து நடுமாதத்தில் கறையைப் பார்த்ததும், அதுதான் திரும்பிவிட்டது என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

டிஸ்பிளேசியா என்பது கர்ப்பப்பை வாயின் மேல்படலத்து செல்களில் நடக்கும் மாற்றம். பொதுவாக அது ரத்தப்போக்கை உண்டாக்காது. அதனால் உங்களிடம் இருப்பது இரண்டு கேள்விகள்: ரத்தம் எங்கிருந்து வருகிறது? செல் மாற்றம் திரும்பியிருக்கிறதா? ஒன்றுக்குச் செய்யும் டெஸ்ட் மற்றதற்குப் பதில் சொல்லாது.

இது தெரியாமல்தான் நான் 5 மாதத்தைத் தொலைத்தேன். முதலில் பார்த்த டாக்டர் பாப் ஸ்மியர் மட்டும் எடுத்தார். நார்மல் என்று வந்ததும், டென்ஷன்தான் காரணம் என்று அனுப்பிவிட்டார். மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கியிருந்தது. வேறொரு டாக்டர் உள்வழி ஸ்கேன் எடுத்த பிறகுதான் கர்ப்பப்பைக்குள் பாலிப் (சிறு சதை வளர்ச்சி) இருப்பது தெரிந்தது. ஹிஸ்டரோஸ்கோபியில் (கேமரா குழாயைக் கர்ப்பப்பைக்குள் விட்டுச் செய்வது) எடுத்துவிட்டார்கள், பயாப்சியில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. பாப் ஸ்மியர் அறிகுறி இல்லாதவர்களைச் சலித்துப் பார்க்கத்தான். ரத்தம் போகும்போது அது நார்மல் என்று வந்துவிட்டால் போதாது, காரணத்தைத் தேடியாக வேண்டும்.

பீரியட்ஸ் 8 நாளுக்கு மேல் நீள்வதும், 24 நாளுக்குள்ளேயே திரும்ப வருவதும் பார்க்க வேண்டியவைதான். முதலில் கர்ப்பமா என்று பார்ப்பார்கள். பிறகு ரத்த அளவு, தைராய்டு, ஸ்கேன். பாலிப், ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசைக்கட்டி), அடினோமயோசிஸ் (உள்சுவர்த் திசு கர்ப்பப்பைத் தசைக்குள் வளர்வது), சரியாக முட்டை வெளிவராத சுழற்சி, கருத்தடை மாத்திரை, காப்பர் டி என்று காரணங்கள் நிறைய. வயது 45-ஐத் தாண்டியிருந்தால் கர்ப்பப்பை உள்சுவர் பயாப்சியும் கேட்பார்கள். உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், அப்போது கர்ப்பப்பை வாயை நேரில் பார்த்தே ஆக வேண்டும். ரத்தம் நிற்கட்டும் என்று அப்பாயிண்ட்மென்டைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்கு எச்பிவி டெஸ்ட், அதாவது இந்தச் செல் மாற்றத்தை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது. டிஸ்பிளேசியா திரும்ப வருவது உண்டு, மறுக்கவில்லை. அதனால்தான் லீப் முடிந்த 6-வது மாதம், பிறகு தொடர்ந்து 3 முறை நெகட்டிவ் வரும்வரை வருடம் ஒருமுறை, அதன்பின் 3 வருடத்துக்கு ஒருமுறை குறைந்தது 25 வருடம் என்கிறது அமெரிக்காவின் 2019 வழிகாட்டுதல். மற்ற நாடுகளில் இடைவெளி மாறும். நீங்கள் இதில் எதையாவது விட்டிருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். லீப் பயாப்சி ரிப்போர்ட்டையும் தேடி எடுங்கள். வெட்டிய திசுவின் ஓரத்தில் மாறிய செல் இருந்ததா என்று அதில் இருக்கும். ஓரம் சுத்தமாக இருந்து எச்பிவியும் நெகட்டிவ் என்றால், திரும்பியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பாசிட்டிவ் என்றாலும் அடுத்தது கால்போஸ்கோபிதான், அதற்குள் புற்றுநோய் என்று அர்த்தமில்லை.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்து, அது 2 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தாலோ, தலை சுற்றினாலோ காத்திருக்காதீர்கள், எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.

நான் ரத்தம் பட்ட நாட்களை காலண்டரில் சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்திருந்தேன், அதிகம் போன நாளுக்கு இரண்டு புள்ளி. இரண்டாவது டாக்டர் அந்தப் பக்கங்களைப் பார்த்துவிட்டுத்தான் அன்றைக்கே ஸ்கேன் எழுதினார். இன்றிலிருந்தே குறிக்கத் தொடங்குங்கள்.