புது டாக்டர் நம் ஆஸ்பத்திரிக்கு ஒத்துவருவாரா?

நூறு படுக்கை ஆஸ்பத்திரி ஒன்றில் மருத்துவக் கண்காணிப்பாளராக இருந்து, பல வருடம் டாக்டர்களை வேலைக்கு எடுத்தவன் நான். வந்த கேள்விகளில் சில:

படிப்பு, அனுபவம் எல்லாம் சரி. ஆளின் குணத்தை அரை மணி நேர இன்டர்வியூவில் எப்படிக் கண்டுபிடிப்பது?

முடியாது. நிர்வாக இயக்குநர், அதாவது எம்.டி., அறையில் எல்லோரும் தங்கம்தான். அரை நாள் வரச் சொல்லி, வார்டைச் சுற்றிக் காட்டும் வேலையை ஒரு சீனியர் சிஸ்டரிடம் விடுங்கள். அப்படித்தான் ஒரு எலும்பு டாக்டரை அனுப்பினோம். என்னிடம் வாய் நிறைய ‘சார்’ போட்டவர், வார்டுக்குப் போனதும் தன் பையை சிஸ்டர் கையில் திணித்துவிட்டு போனில் பேசிக்கொண்டே நடந்திருக்கிறார். ஆளை எடுக்கவில்லை.

இன்டர்வியூவில் என்னதான் கேட்பது?

‘எல்லாரோடும் ஒத்துப்போவீர்களா?’ என்றால் மாட்டேன் என்று யார் சொல்வார்? நடந்ததைக் கேளுங்கள். ‘நீங்கள் எழுதிய மருந்தில் தவறு இருப்பதாக நர்ஸ் கடைசியாக எப்போது சொன்னார்? என்ன செய்தீர்கள்?’ அப்படி நடந்ததே இல்லை என்பவரைக் கண்டால் எனக்குப் பயம். சர்ஜன் என்றால், உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள். கத்தி வைக்கும் முன் அங்கிருக்கும் எல்லோரும் பெயரும் பொறுப்பும் சொல்ல வேண்டும் என்கிறது அது. ‘அதெல்லாம் பேப்பர் வேலை’ என்று சிரிப்பவர் தியேட்டரில் நர்ஸை வாய் திறக்க விடுவாரா?

பழைய இடத்தில் விசாரிக்கலாமா?

அவரிடம் சொல்லிவிட்டு விசாரியுங்கள். சர்ஜனைப் பற்றி மயக்க மருந்து டாக்டருக்குத் தெரியாதது கிடையாது. ஆனால் இன்னும் ராஜினாமா கொடுக்காதவர் என்றால், இப்போதிருக்கும் இடத்தில் கேட்டு அவர் பிழைப்பைக் கெடுத்துவிடாதீர்கள்.

எங்கள் எம்.டி. ‘நம்ம ஆள் மாதிரி இருக்கணும்’ என்கிறார்.

வில்லங்கமே அங்கேதான். ஊர், சாதி, படித்த கல்லூரி எல்லாம் அந்த ‘நம்ம’வுக்குள் ஒளிந்துகொள்ளும். கைக்குழந்தை இருக்கிறதா என்று பெண் டாக்டரிடம் மட்டும் கேட்பதும் இதே ரகம். மாதம் எத்தனை நைட் கால் (இரவில் கூப்பிட்டால் வர வேண்டிய முறை) என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள், முடியுமா என்று அவர்களே சொல்லட்டும்.

நான் வேலை தேடும் டாக்டர். ஆஸ்பத்திரியை எப்படி எடைபோடுவது?

சம்பள முறையைக் கேளுங்கள். மினிமம் கேரண்டி, அதாவது கேஸ் வந்தாலும் வராவிட்டாலும் உறுதியாகத் தரும் குறைந்தபட்சச் சம்பளம், எத்தனை மாதம், அதற்குப் பிறகு எதை வைத்துப் பங்கு? அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டாக்டர்களுக்கு நிலையான சம்பளம். நோயாளியை இன்னொருவரிடம் அனுப்பினால் வருமானம் குறையுமே என்ற கவலை இல்லை. கேஸுக்கு இவ்வளவு என்று பேசும் இடத்தில் அந்தக் கவலை தானாக வரும். அப்புறம், டியூட்டி டாக்டர் அறையை ஒருமுறை எட்டிப் பாருங்கள். பெட்ஷீட் மாற்றியிருக்கிறதா, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா?