குடல் பாக்டீரியா தானாக நீந்துமா, சும்மா மிதந்து போகுமா?

கேள்வி: "குடலில் இருக்கும் பாக்டீரியா உண்மையிலேயே நீந்துகிறதா, இல்லை போகிற போக்கில் அடித்துக்கொண்டு போகப்படுகிறதா?"

நீங்கள் பெரும்பாலும் டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) முதல் வருடம். நாளைக்கு பிராக்டிகல், ரெக்கார்டில் படம் இன்னும் வரையவில்லை. சரிதானே? இந்தக் கேள்வியை நேரத்துக்குக் கேட்காமல் விட்டு நான் அசிங்கப்பட்ட கதை ஒன்று இருக்கிறது.

முதலில் பதில். சில நீந்தும், சில நீந்தாது. ஈ.கோலை, சால்மொனெல்லா பெரும்பாலும் நீந்தும். கிளெப்சியெல்லாவும் ஷிகெல்லாவும் நீந்தாது.

வடசென்னையில் ஒரு மருத்துவமனை லேபில் டிரெய்னிங்கில் இருந்தேன். மே மாதம், மின்விசிறி அனல் காற்றை அள்ளி வீசுகிறது. மேடம் பாக்டீரியா வளர்ந்த ஒரு டியூபைக் கொடுத்து, அது நீந்துகிறதா என்று பார்க்க ஹேங்கிங் டிராப் போடச் சொன்னார். கவர் ஸ்லிப்பின் நாலு மூலையிலும் வாசலின் தொட்டு, நடுவில் ஒரு சொட்டு வைத்து, குழி ஸ்லைடைக் கவிழ்த்து மூடி, சட்டென்று திருப்பிவிட வேண்டும். சொட்டு தொங்கும். மைக்ரோஸ்கோப்பில் வைத்து, வெளிச்சத்தைக் குவிக்கும் கண்டன்சரை இறக்கி, வெளிச்சத்தைக் குறைத்து, முதலில் சொட்டின் விளிம்பைப் பிடிக்க வேண்டும். எனக்கு விளிம்பு கிடைக்கவே பத்து நிமிடம் ஆனது. கிடைத்ததும் பார்த்தால் எல்லாம் துறுதுறுவென்று ஆடுகிறது, ஒரே பக்கமாகப் போகிறது. சந்தோஷத்தில் ரெஜிஸ்டரில் 'மோட்டைல்', அதாவது தானாக நகரும், என்று எழுதிவிட்டேன்.

மேடம் ஒரு பார்வை பார்த்தார். "ஏம்மா, மெரினாவுல அலையில மிதக்குற தெர்மாகோலு நீந்துதுன்னு எழுதுவியா?"

லேபில் அத்தனை பேரும் சிரித்தார்கள். அது கிளெப்சியெல்லா. கல்ச்சர் பிளேட்டில் கிளெப்சியெல்லாவுக்கே உரிய மாதிரி கொழகொழவென்று வளர்ந்திருந்ததைப் பார்த்தாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் பார்த்த ஆட்டம் தண்ணீர் மூலக்கூறுகள் நாலா பக்கமும் இடிப்பதால் வரும் நடுக்கம். செத்த பாக்டீரியாவும் அப்படித்தான் ஆடும். ஒரே பக்கமாகப் போனதற்குக் காரணம் என் கஞ்சத்தனம்: வாசலின் போதவில்லை, காற்று புகுந்து சொட்டுக்குள் நீரோட்டம்.

அப்புறம் பக்கத்து டியூபிலிருந்து ஈ.கோலை போட்டுக் காட்டினார். ஒன்று இடப்பக்கம் போகிறது, இன்னொன்று அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மேலே போகிறது. ஒரு நொடி நேராக ஓட்டம், சட்டென்று நின்று ஒரு புரளல், வேறு திசையில் மறுபடி ஓட்டம். இவ்வளவுக்கும் அதன் நீளம் 2 மைக்ரோமீட்டர்தான். நொடிக்கு 20, 30 மைக்ரோமீட்டர் போகும். அதாவது தன் உடம்பைப் போலப் பத்து மடங்கு தூரம்.

வாலை ஆட்டித்தான் போகிறது என்று நினைக்காதீர்கள், நானும் நினைத்தேன். உடம்பிலிருந்து நீளும் மெல்லிய இழை, கசையிழை, சுழல்கிறது. 1973-ல் ஹோவர்ட் பெர்க், ஆண்டர்சன் என்ற விஞ்ஞானிகள் அதைச் சொன்னார்கள். அடுத்த வருடம் சில்வர்மனும் சைமனும் இழையைக் கண்ணாடியில் ஒட்டவைத்தார்கள். இழை நகர முடியாததால் பாக்டீரியாவின் உடம்பு கிறுகிறுவென்று சுற்றியது. இழையின் அடியில் மோட்டார் இருக்கிறது, புரோட்டான் உள்ளே பாயும் வேகத்தில் ஓடுவது. பின்னாலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும்போது நாலைந்து இழைகளும் ஒரே கற்றையாகச் சேர்ந்து தள்ளும். ஒன்றிரண்டு வலஞ்சுழிக்கு மாறினாலே கற்றை பிரிந்துவிடும், அதுதான் புரளல். புரண்ட பிறகு எந்தப் பக்கம் போகும் என்பது அதன் கையில் இல்லை. தீனி கூடிக்கொண்டே வருகிறதா என்று சில நொடிக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கூடினால் புரளலைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். மோட்டார் நின்றால் ஓடி வந்த வேகத்தில் ஓர் அணுவின் அகலம்கூட நகராது. இது 1977-ல் இயற்பியலாளர் பர்செல் போட்ட கணக்கு. அதற்குத் தண்ணீரே தார் மாதிரி.

இதெல்லாம் ஸ்லைடில். குடலுக்குள் சளிப்படலம், உணவுக் கூழ், குடல் பிசைகிற பிசைவு எல்லாம் உண்டு, அங்கே நிறைய அடித்துக்கொண்டும் போகப்படும். பிஎச்.டி. முடித்தவர்கள் கமெண்டில் 'ஷிகெல்லா நகருமே' என்று வரவேண்டாம், தெரியும். அது நம் செல்லுக்குள் புகுந்து நம் செல்லின் ஆக்டின் என்ற புரதத்தையே வாலாகக் கட்டிக்கொண்டு போவது. நீச்சல் இல்லை.

லேபில் வேலை என்று தெரிந்தால் போதும். எங்கள் அபார்ட்மெண்ட் செக்ரட்டரி ஹார்லிக்ஸ் பாட்டிலில் லாரித் தண்ணீர் கொண்டுவந்து, "மைக்ரோஸ்கோப்புல ஒரு சொட்டு பாத்து நல்ல தண்ணியான்னு சொல்லும்மா" என்கிறார். அப்படிச் சொல்ல முடியாது சார், கல்ச்சர் போடணும், இரண்டு மூன்று நாள் ஆகும் என்றால், "ஓடுதா இல்லையான்னு மட்டும் சொல்லு" என்று நிற்கிறார். கேட்டுக்கு சிசிடிவி வைக்க வீட்டுக்கு மூவாயிரம் வசூல் பண்ணினார்கள். சம்ப் கழுவி இரண்டு வருடம் ஆகிறது. உடைந்த மூடிக்குப் பதிலாக யாரோ கல்யாண ஃபிளெக்ஸை மடித்துப் போட்டு, மேலே இரண்டு செங்கல் வைத்திருக்கிறார்கள்.