எல்லோருக்கும் ஒரே படகு

கேள்வி: சென்னைப் பெண் நேத்ரா குமணன் ஒலிம்பிக்கில் ஓட்டிய பாய்மரப் படகு எப்படி உருவானது? பணக்கார நாட்டுக்காரர்கள் அதைவிட வேகமான படகோடு வந்துவிட மாட்டார்களா? 14 வயதாகும் என் மகளும் அதே படகைக் கேட்கிறாள். பழசு ஒன்று வாங்கலாமா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: வர முடியாது அம்மா. நான் இந்த வகையை நேசிப்பதே அதற்காகத்தான்.

டோக்கியோவில் நேத்ரா ஓட்டியது லேசர் ரேடியல், அதாவது லேசர் என்ற படகிலேயே சற்றுச் சிறிய பாய் பொருத்திய வகை. லேசர் பிறந்தது கனடாவில். 1969-இல் முகாம் போடுகிறவர்களுக்கான சாமான்களை வடிவமைக்கும் வேலை இயன் புரூஸ் என்ற வடிவமைப்பாளருக்கு வந்தது. கார் கூரையில் ஏற்றக்கூடிய சிறு படகும் அதில் உண்டு. படகு வடிவமைக்கும் நண்பர் புரூஸ் கிர்பிக்கு போன் செய்தார். பேசும்போதே கிர்பி காகிதத்தில் கிறுக்கிய படம்தான் லேசர். வேலை கொடுத்த நிறுவனம் கடைசியில் படகு வேண்டாம் என்றுவிட்டது. படத்தைக் கிர்பி பத்திரமாக வைத்திருந்தார்.

1970 அக்டோபரில் அமெரிக்காவின் விஸ்கான்சினில், ஆயிரம் டாலருக்குக் குறைந்த படகுகளுக்காக ஒரு போட்டி நடந்தது. அதற்காகக் கிர்பியின் படம் நிஜப் படகானது. பாய் தைத்த ஹான்ஸ் ஃபோக்தான் படகையும் ஓட்டினார். முதல் நாள் பாய், அதைத் தாங்கும் மரத்தோடு ஒத்துப்போகவில்லை. பாயை வெட்டித் திருத்தினார், மறுநாள் வென்றார். 1971 நியூயார்க் படகுக் கண்காட்சியிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட படகுகள் விற்றன.

அங்கீகாரம் பெற்றவர்கள் மட்டுமே படகையும் பாயையும் செய்யலாம். வாங்கியவர் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. ஒலிம்பிக்கில் படகையே போட்டி நடத்துபவர்கள்தான் கொடுக்கிறார்கள். அப்புறம் மிஞ்சுவது ஆள்தான்: காற்றைப் படிக்கும் கண், கால்களைப் பட்டையில் மாட்டி மேலுடம்பைப் படகுக்கு வெளியே சாய்க்கும் வலு. பலமான காற்றில் பத்தே நிமிடத்தில் தொடை எரியும், அனுபவித்துச் சொல்கிறேன்.

1996-இல் இது ஒலிம்பிக்குக்கு வந்தது, ரேடியல் 2008-இல் பெண்களுக்கு. தயாரிப்பாளருடன் தகராறு முற்றி, 2019-இலிருந்து போட்டிகளில் படகின் பெயர் ஐ.எல்.சி.ஏ. (லேசர் வகைக்கான சர்வதேசச் சங்கத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்). மலிவாகப் பிறந்த படகு இன்று புதிதாக வாங்கினால் கையைக் கடிக்கிறது. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

சரி, உங்கள் மகள் விஷயம். பழசே போதும். 59 கிலோ எடையுள்ள அதே படகு உடலுக்கு 7.06, 5.76, 4.7 சதுர மீட்டர் என்று மூன்று பாய்கள். பாயோடு மரத்தின் கீழ்த்துண்டும் மாறும். அவள் எடை 45 கிலோவை ஒட்டி என்றால் சின்னப் பாயில் தொடங்கட்டும். வாங்கும் முன், மரம் நிற்கும் குழியில் தண்ணீர் ஊற்றிச் சற்று நேரம் பாருங்கள். மட்டம் இறங்கினால் அந்தப் படகு வேண்டாம்.