பொருளியல் படித்தவர் பன்னாட்டு நிதி, கொள்கை, ஊடகத் தொடர்பு மூன்றிலும் பணியாற்ற முடியுமா?

மொரீஷியசில் பொருளியல் முதுகலை முடித்த ஒருவர், இம்மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். தேவையில்லை, இந்தச் சிறிய தீவில் அவற்றைப் பிரித்து வைப்பதுதான் கடினம். தலைநகர் போர்ட் லூயிசிலும், நிதி நிறுவனங்கள் நிறைந்த எபேனிலும் நிதித்துறையில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கணக்குப் போடத் தெரிந்தவர்கள் இங்கு ஏராளம், அதைப் பிறருக்கு விளங்க எழுதுபவர்களுக்குத்தான் தட்டுப்பாடு.

இந்தியாவுடனான வரி ஒப்பந்தம் 2016-இல் திருத்தப்பட்டு, 2017 ஏப்ரல் முதல் வாங்கிய இந்தியப் பங்குகளை விற்றுப் பெறும் ஆதாயத்துக்கு இந்தியாவிலேயே வரி என்றாகி, மொரீஷியஸ் வழியான முதலீட்டுக்கு இருந்த வரிச் சலுகை போன பிறகு, முதலீட்டாளரை இங்கு நிறுத்தி வைக்க நாட்டின் நற்பெயர் முன்னைவிட முக்கியமாயிற்று. அந்த நேரம் பார்த்து, 2020 பிப்ரவரியில், பணமோசடித் தடுப்புக்கான பன்னாட்டு அமைப்பான எஃப்ஏடிஎஃப் நம்மைச் சாம்பல் பட்டியலில், அதாவது குறைகளைச் சரிசெய்யும்வரை கூடுதல் கண்காணிப்பில் வைக்கப்படும் நாடுகளின் பட்டியலில், சேர்த்தது. நிறுவனங்களின் உண்மையான உரிமையாளர் யார் என்ற தகவல் அதிகாரிகளுக்கு உரிய காலத்தில் கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனைகளுள் ஒன்று. இத்தகைய நிபந்தனைக்குப் பதில் எழுதும்போது “கண்காணிப்பு வலுப்படுத்தப்பட்டுள்ளது” என்ற வாக்கியம் செல்லாது. எத்தனை நிறுவனங்கள் நேரில் ஆய்வு செய்யப்பட்டன, எவற்றில் குறை இருந்தது, என்ன தண்டம் விதிக்கப்பட்டது என்று ஆவணத்துடன் காட்ட வேண்டும். அதே செய்தியைக் இங்கு பெரும்பாலோர் பேசும் கிரியோல் மொழியில் வானொலியில் பேசினால், ஓய்வூதியம் பெறும் மூதாட்டி தம் வங்கிச் சேமிப்புக்கு ஆபத்தா என்றுதான் கேட்பார். இரண்டுக்கும் பதில் சொல்ல ஒரே ஆள் வேண்டும். 2021 அக்டோபரில் பட்டியலிலிருந்து நாம் விடுபட்டதற்குச் சட்டத் திருத்தங்களோடு இந்த எழுத்து வேலையும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

தொடர்பு என்பது விளம்பரம் என்று எண்ணுவோர், 1998-இல் மத்திய வங்கி வெளியிட்ட நோட்டுகளை நினைத்துப் பார்க்கலாம். வட்டிக் கொள்கையில் எந்தப் பிழையும் இல்லை. முன்பு இந்திக்கு மேலே இருந்த தமிழ் எழுத்தை அதற்குக் கீழே இறக்கியது ஒன்றுதான் நடந்தது. இங்குள்ள நம் தமிழ் மக்களின் எதிர்ப்பால் நோட்டுகளைத் திரும்பப் பெற்று மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று.

தொடக்கத்திலேயே செய்தித் தொடர்புப் பிரிவில் சேர வேண்டாம். முதலில் கண்காணிப்பிலோ கடன் பகுப்பாய்விலோ சில ஆண்டுகள் கோப்புகளைப் புரட்டுங்கள். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதவும், பிரெஞ்சு நாளிதழின் நிதிப் பக்கத்தைத் தடையின்றிப் படிக்கவும் அப்போதே பழகிக்கொள்ளுங்கள். செய்தியாளரின் முதல் கேள்விக்கு யாராவது எழுதிக் கொடுத்ததைப் படித்துவிடலாம். இரண்டாவது கேள்விக்கு அந்தக் கோப்புகளைப் படித்தவரால்தான் பதில் சொல்ல முடியும்.